பாளையங்கோட்டை வெயிலில் முதல் வாட்டர் கூலிங் லூப்: திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

#1 பாளை_எடிட்டர்

எல்லோருக்கும் வணக்கம். பெருமாள்புரத்தில் வீட்டு மாடி அறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். அறைக்கு நேர் மேலே மொட்டை மாடி. போன சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு மேசைமேல் இருந்த தெர்மாமீட்டர் 37 காட்டியது. ஏசி இருக்கிறது, ஆனால் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) இரவு முழுக்க ஓடும்போது அதையும் ஓடவிட்டால் கரண்ட் பில் கட்டுப்படியாகாது.

மெஷின்: ரைசன் 9 7950எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 4080, 64 ஜிபி ரேம். சிபியுவுக்கு மட்டும் 240 அளவு ஏஐஓ (கம்பெனியிலேயே மூடி அடைத்து வரும் தண்ணீர் கூலர்) போட்டிருக்கிறேன். ரெண்டர் தொடங்கிய சில நிமிடத்தில் சிபியு 95ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது. சூட்டைவிட இரைச்சல்தான் தாங்கவில்லை. தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளத்துக்கு முந்தைய அந்த ஒரு நொடி அமைதியைச் சரியாக வெட்ட வேண்டும். ஹெட்போன் போட்டால்கூட ஃபேன் சத்தம் உள்ளே வந்துவிடுகிறது.

80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். சூட்டைத் தண்ணீர் சுற்றிச் சுற்றி எடுத்துப் போகும் லூப் ஒன்றை நானே கட்ட வேண்டும். யோசித்து வைத்தது இவ்வளவுதான்: சிபியு, கிராபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் பிளாக் (சில்லின்மேல் உட்காரும், உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டி). கேபினெட்டின் மேலே ஒரு 360 ரேடியேட்டர் (மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன் வரிசையாக உட்காரும் அளவு). பெட்ஜி என்ற பிளாஸ்டிக்கில் ஹார்டு ட்யூப். பால் மாதிரி கெட்டியான வெள்ளை கூலன்ட். இதற்கு முன் லூப் போட்ட அனுபவம் இல்லை. ஒரு 360 போதுமா? தண்ணீர் முதலில் சிபியுவுக்குப் போக வேண்டுமா, கார்டுக்குப் போக வேண்டுமா?

#2 பைபாஸ்காரன்

தம்பி, முதலில் வாட் கணக்கைப் பாருங்கள். 7950எக்ஸ் பெட்டியில் 170 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் ஃபேக்டரி செட்டிங்கில் 230 வாட் வரை இழுக்கும். 4080 கார்டு 320 வாட். இரண்டும் சேர்ந்து ஓடினால் 550. நடைமுறையில் சொல்லும் ஒரு அளவு, 120 மில்லிமீட்டர் ரேடியேட்டருக்கு 100 வாட். அந்தக் கணக்கில் 360 ஒன்று 300 வாட்டுக்குத்தான் ஆகும். உங்களுக்கு இரண்டு 360 வேண்டும். முன்பக்கம் இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். ரேடியேட்டர் கனம் 30 மில்லிமீட்டர், ஃபேன் 25. ஆக 55. அதற்குப் பின்னால் ட்யூப் வளைய இடம் வேண்டும். 4080 கார்டு நீளமானது. ஏர் கூலரைக் கழற்றி பிளாக் மாட்டினால் பெரும்பாலும் நீளம் குறையும், அது ஒரு ஆறுதல்.

அடுத்தது நம்ம ஊர் விஷயம். தண்ணீரின் சூடு அறைச் சூட்டுக்குக் கீழே ஒருநாளும் போகாது. நல்ல லூப்பில் முழு லோடில் தண்ணீர் அறையைவிட 10 டிகிரி கூடுதலாக நிற்கும். ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒருவர் வீடியோ போடுகிறார் என்றால் அவர் தண்ணீர் 32. அதே லூப் உங்கள் மாடியில் 47. அவர் சொல்லும் எண்ணை எதிர்பார்த்துப் பணம் போட்டால் வருத்தம்தான் மிஞ்சும்.

பெட்ஜி வேண்டாம் என்பதும் இதனால்தான். பெரும்பாலான கம்பெனிகள் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். 22 டிகிரி அறைக்காரருக்கு அந்த எல்லை எட்டாத தூரம். நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லா ஃபேனுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் ஹப் நின்றுபோனால் போதும், பெட்ஜி இளகி ஃபிட்டிங்கில் இருந்து நழுவலாம். ஹார்டு ட்யூப்தான் வேண்டுமென்றால் அக்ரிலிக். முதல் லூப்புக்கு நான் சொல்வது கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் ட்யூப். பார்க்க மோட்டார் பைக் ஹோஸ் மாதிரி இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

#3 நாங்குநேரி_கேட்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இதற்கு லூப் எதற்கு? பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரையில்) சிபியு இழுக்கும் கரண்டைக் குறைக்கும் ஈகோ மோடு 105 வாட் போட்டால் சிபியு இழுப்பது 142 வாட்டுக்குள் நின்றுவிடும். ரெண்டர் வேகத்தில் இழப்பு கொஞ்சம்தான். கார்டுக்கும் பவர் லிமிட் 80 சதவீதம் வையுங்கள். இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று, கேபினெட்டுக்கு நல்ல ஃபேன் நான்கு. 80,000 ரூபாயில் முக்கால்வாசி கையில் நிற்கும். நான் கட்டட டிராயிங் ரெண்டர் எல்லாம் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

#4 பாளை_எடிட்டர்

அண்ணாச்சி, ஈகோ மோடு நேற்று இரவே போட்டுப் பார்த்தேன். சிபியு 78க்கு வந்துவிட்டது, உண்மையிலேயே நல்ல யோசனை. சத்தமும் பாதி குறைந்தது. மீதி சத்தம் கார்டில் இருந்து வருகிறது. கலர் கரெக்‌ஷன், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் கார்டில்தான் ஓடுகிறது, அதன் வேகத்தைக் குறைக்க மனமில்லை. ஒரு சீசனில் முகூர்த்தம் அடுத்தடுத்து வந்தால் மூன்று கல்யாணம் வரிசையில் நிற்கும்.

#5 பைபாஸ்காரன்

நாங்குநேரி அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. லூப் போட்டாலும் ஈகோ மோடை எடுக்காதீர்கள். 7950எக்ஸ் 95 டிகிரி வரை தானாக ஏறி வேலை செய்யும்படியே வடிவமைத்தது. அதன் மேல்தகடு கனம், உள்ளே சிலிக்கான் துண்டு சின்னது, சூடு அந்தச் சின்ன இடத்தில் இருந்து வெளியே வர நேரமாகும். எவ்வளவு பெரிய லூப் போட்டாலும் முழு 230 வாட்டில் அது 90ஐ ஒட்டித்தான் நிற்கும். சிபியு எண் குறையும் என்று நினைத்து யாரும் லூப் போட வேண்டாம்.

கார்டு கதை வேறு. சில்லு பெரியது, மேலே மூடி கிடையாது, பிளாக் நேராகச் சில்லின்மேல் உட்காரும். தண்ணீரைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் கூடுதலாக இருக்கும். கார்டின் மூன்று சின்ன ஃபேன் போய், அந்த வேலையை ஆறு பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றிச் செய்யும். இவருடைய தேவை அமைதி. அதற்கு லூப் சரியான விடைதான்.

#6 அம்பை_பெங்களூர்

சொந்த ஊர் அம்பாசமுத்திரம், வேலை பெங்களூரில். வரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனக்கணக்காகவே போடலாம். நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடினால், 70 வாட் சூடு அதை 1 டிகிரி உயர்த்தும். சாதாரண லூப்பில் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் என்று வையுங்கள். 320 வாட் கார்டைத் தாண்டும்போது தண்ணீர் 1.5 டிகிரி ஏறும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டே இருப்பதால் லூப் முழுக்கத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். எது முதலில் என்று மண்டையைக் குழப்பாமல், ட்யூப் எந்த வழியில் குட்டையாக, மடங்காமல் போகிறதோ அந்த வழியை எடுங்கள்.

மாற்றவே கூடாத வரிசை ஒன்றே ஒன்று. ரிசர்வாயர், அதாவது தண்ணீர் நிரப்பும் சின்னத் தொட்டி, பம்புக்கு மேலே இருந்து நேராக பம்புக்குள் இறங்க வேண்டும். பம்பின் உள் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். காய்ந்து ஓடினால் சீக்கிரமே போய்விடும். இரண்டும் ஒன்றாக வரும் காம்போ வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

டி5, டிடிசி என்று இரண்டு பம்ப் வகை சொல்வார்கள், டி5 வாங்குங்கள். டிடிசிக்கு அழுத்தம் கொஞ்சம் கூடுதல், ஆனால் சத்தமும் சூடும் அதிகம். டி5 முழு வேகத்தில் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். மதர்போர்டின் சாதாரண ஃபேன் ஹெட்டர் (ஃபேன் வயர் மாட்டும் இடம்) 1 ஆம்பியர், அதாவது 12 வாட்தான் தாங்கும். அதனால் பம்புக்குக் கரண்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) வயரில் இருந்து நேராக வரட்டும். வேகத்தைச் சொல்லும் வயர் மட்டும் மதர்போர்டுக்குப் போகட்டும்.

அப்புறம், ஒரு தண்ணீர் வெப்ப சென்சார் அவசியம் வாங்குங்கள். சிபியு வெப்பத்தை வைத்து ஃபேனை ஓட்டினால் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஃபேன் ஏறி இறங்கும். தண்ணீர் வெப்பத்தை வைத்தால் பத்து நிமிடத்துக்கு மெதுவாக ஏறி அப்படியே நிற்கும். காதுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் தேடுவது அமைதி என்றால் இந்தச் சின்ன சென்சார் ரேடியேட்டருக்கு அடுத்து முக்கியம்.

#7 பாளை_எடிட்டர்

தலை சுற்றுகிறது, ஆனால் புரிகிறது. ஃபிட்டிங் விலையைப் பார்த்துத்தான் மலைத்துப் போனேன், பதினான்கு வேண்டும் போல. கால் இஞ்ச் மரை என்கிறார்கள். டவுனில் பித்தளை நிப்பிள் கால் இஞ்ச் கிடைக்குமே, அதைப் போட்டால் ஆகாதா? ரேடியேட்டருக்கும் பழைய கார் ஏசி ரேடியேட்டர் ஒன்று கைவசம் இருக்கிறது.

#8 டவுன்_ஹார்டுவேர்

தம்பி, எங்கள் குடும்பமே ஹார்டுவேர் வியாபாரம். என்னிடம் அந்த நிப்பிள் டப்பா டப்பாவாக இருக்கிறது. இருந்தும் வேண்டாம் என்கிறேன்.

கால் இஞ்ச் என்பது பெயர்தான். அளந்தால் வெளிவிட்டம் 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், ஓர் அங்குலத்துக்கு 19 மரை. இதுவரை இரண்டும் ஒன்று. வித்தியாசம் எங்கே என்றால், கம்ப்யூட்டர் பிளாக்கில் இருப்பது நேர் மரை. இறுக்கிப் பிடிப்பது மரை அல்ல, அடியில் உட்காரும் ரப்பர் ஓ-ரிங். குழாய் வேலைக்கு வரும் நிப்பிளில் நிறைய நுனி ஒடுங்கியிருக்கும். வெள்ளை டேப் சுற்றி, திருகத் திருக ஆப்பு மாதிரி இறுகும். இரும்புக் குழாய் அதைத் தாங்கும்.

நான் முதலில் அப்படித்தான் செய்தேன். அக்ரிலிக் ரிசர்வாயரில் பித்தளை நிப்பிளை டேப் சுற்றி ஸ்பானரால் கால் சுற்று கூடுதலாக இறுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால் துளையில் இருந்து ஒரு தலைமுடி அளவு கோடு கீழே இறங்கியிருந்தது. விரல் வைத்தால் ஈரம் இல்லை. டிஷ்யூ பேப்பரை ஒட்டிவைத்தேன். அரைமணி நேரம் கழித்து அந்தப் பேப்பரின் ஓரம் மட்டும் கறுத்திருந்தது. ரிசர்வாயரை அன்றே கழற்றிப் போட்டேன். கீழே கிராபிக்ஸ் கார்டு இருந்தது, தப்பித்தது.

கம்ப்யூட்டருக்கென்று வரும் ஃபிட்டிங்கே வாங்குங்கள். கையால் இறுக்கினால் போதும், ஓ-ரிங் அமுங்குவது தெரியும், அதோடு நிறுத்துங்கள். டேப் வேண்டவே வேண்டாம். பாரோ, பைக்ஸ்கி என்ற சீன கம்பெனிகளின் ஃபிட்டிங் விலை குறைவு, தரம் பரவாயில்லை. சீன ஆன்லைன் கடையான அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் இங்கே தடையானது. இறக்குமதி செய்து விற்கும் ஆன்லைன் கடைகளில் தேடுங்கள். ட்யூப் 10/16 (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர்) என்றால் ஃபிட்டிங்கும் 10/16 தான். இதில் ஒரு எண் மாறினாலும் வேலைக்கு ஆகாது.

#9 கல்லிடை_கெமிஸ்ட்ரி

அந்தக் கார் ரேடியேட்டரை எடுக்கவே எடுக்காதீர்கள் தம்பி. அது அலுமினியமாகத்தான் இருக்கும். உங்கள் பிளாக் செம்பு, மேலே நிக்கல் பூச்சு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அதுவே ஒரு பேட்டரி. அலுமினியம் தன்னைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். என் தம்பியும் மெஷின் லூப் போட்டபோது செம்பு என்று சொல்லி விற்ற ரேடியேட்டரை நம்பினான். ஏழெட்டு மாதத்தில் கார்டு சூடு ஏறியது. பிளாக்கைத் திறந்து பார்த்தோம். மயிரிழை மாதிரி இருக்கும் அந்தச் செம்பு வாய்க்கால்களில் பாதி, கோலமாவு குழைத்து அப்பியதுபோல வெள்ளையாக அடைத்திருந்தது. பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து எடுக்க ஒரு சாயங்காலம் ஆனது. வாங்கும்போது விவரத்தில் செம்பு அல்லது பித்தளை என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள்.

தண்ணீர் பற்றி. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியானாலும் அதில் கால்சியம், குளோரைடு உப்பு எல்லாம் உண்டு, லூப்புக்கு ஆகாது. வீட்டு ஆர்ஓ மெஷின் முழு உப்பையும் எடுப்பதில்லை. பேட்டரி கடையில் டிஸ்டில்ட் வாட்டர் என்று 5 லிட்டர் கேனில் வரும், கழுவுவதற்கு அது போதும். அதே அலமாரியில் ஆசிட் கேனும் நிற்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். நிரப்புவதற்கு நிறமில்லாத ரெடிமேட் கூலன்ட் நல்லது. துருவைத் தடுக்கும் மருந்தும் பாசி வராமல் தடுக்கும் மருந்தும் அதில் அளவாகக் கலந்திருக்கும். நம்ம வெயிலில் வெறும் தண்ணீரை விட்டால் பாசி சீக்கிரம் பிடிக்கும்.

அந்தப் பால் வெள்ளை கூலன்ட் ஆசையை விட்டுவிடுங்கள். அதில் நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. நாளானால் ஓட்டம் குறைந்த இடத்தில் படியும், முக்கியமாக பிளாக்கின் வாய்க்காலில். போட்டோ எடுக்க அழகு. வேலை செய்யும் மெஷினுக்கு வேண்டாம்.

இன்னொன்று. மின்சாரம் கடத்தாத கூலன்ட் என்று எழுதியிருப்பதை நம்பி ஒழுகலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள்பட லூப்பில் இருக்கும் உலோகத்தில் இருந்தும் தூசியில் இருந்தும் அயனிகள் சேர்ந்து கடத்த ஆரம்பித்துவிடும்.

#10 பாளை_எடிட்டர்

நன்றி அக்கா. வெள்ளை போச்சு, பெட்ஜி போச்சு, கார் ரேடியேட்டரும் போச்சு. ஒரே ஒரு கேள்வி, கேட்காமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்குக் கீழே சம்ப் இருக்கிறது, 6,000 லிட்டர். மதியத்திலும் உள்ளே கை வைத்தால் குளுகுளு என்று இருக்கிறது. அந்தத் தண்ணீரை அப்படியே மேலே ஏற்றி ஓடவிட்டால்?

#11 அம்பை_பெங்களூர்

யோசனை நல்ல யோசனை, எனக்கும் வந்ததுதான். நேராக விட்டால் ஒரு வாரத்தில் பிளாக் சேறு பிடிக்கும். நடுவில் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து, சம்ப் தண்ணீர் ஒரு பக்கம், லூப் தண்ணீர் மறுபக்கம், இரண்டும் கலக்காமல் ஓட்டலாம். ஆனால் இரண்டாவது பம்ப், மாடி வரை குழாய், இரட்டிப்பு இணைப்பு. ஒழுக இடமும் இரட்டிப்பு. ஐஸ் போட்ட மோர்ச் சொம்பின் வெளியே வேர்க்குமே, தண்ணீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் பிளாக்கைச் சுற்றி மதர்போர்டில் அப்படியே வேர்க்கும். சம்ப் தண்ணீர் அந்த அளவுக்கு இறங்காது, யாராவது ஐஸ் போட நினைத்தால் இதை ஞாபகம் வைக்கட்டும். முதல் லூப்பில் வேண்டாம். முதலில் ஒழுகாத ஒன்றைக் கட்டுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். லூப் போட்டதால் அறை குளிராது. 550 வாட் எந்த வழியில் வெளியேறினாலும் அதே அறைக்குள்தான் கொட்டும். ஒரு டன் ஏசியின் திறனில் ஆறில் ஒரு பங்கு அதற்கே போகும். ஜன்னலுக்கு எதிரே மெஷினை வைத்து, இரவில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவிடுங்கள். அறை 3 டிகிரி குறைந்தால் தண்ணீரும் 3 டிகிரி குறையும். ஆயிரம் ரூபாய்க்குள் இவ்வளவு பலன் வேறு எதிலும் கிடைக்காது.

#12 திசையன்விளை_காற்று

ஜன்னலுக்கு எதிரே என்றதும் பயந்துவிட்டேன். எங்கள் ஊரில் ஆனி, ஆடிக் காற்று அடிக்கும்போது தேரி மணல் தூசி கதவு இடுக்கிலும் வரும். பாளைக்கு அவ்வளவு இல்லை, ஆனாலும் காற்று காற்றுதான். ரேடியேட்டர் தகட்டுக்கு இடையே தூசி ஏறினால் வெளியே தெரியாது. தண்ணீர் சென்சார் காட்டும் எண் மட்டும் மாதத்துக்கு ஒரு டிகிரி ஏறும். ஒரு வருடம் விட்டுவிட்டு என் ரேடியேட்டரைக் கழற்றினேன். ஃபேன் பக்கம் கம்பளி விரித்ததுபோல செம்மண் நிறத்தில் ஒரு படலம். நகத்தால் நீவினால் துணியாகவே கையோடு வந்தது.

தகடு நெருக்கமாக இருக்கும் ரேடியேட்டர் வேண்டாம். தகடுகளுக்கு இடையே இடைவெளி கொஞ்சம் கூடுதலாக, மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்கு ஏற்றதாக எடுங்கள். முன்பக்கம் கழற்றிக் கழுவும்படி நைலான் மெஷ். காற்று சீசனில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள்.

#13 பைபாஸ்காரன்

கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள்.

புது ரேடியேட்டருக்குள் சால்டரிங் செய்தபோது விழுந்த கசடு இருக்கும். வெதுவெதுப்பான டிஸ்டில்ட் வாட்டரை பாதி நிரப்பி, துளைகளை மூடி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி ஒரு வெள்ளைச் சட்டியில் ஊற்றுங்கள். முதல் தடவை கறுப்புத் துகள் வரும். சட்டியில் ஒரு துகளும் விழாதவரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எனக்கு ஆறு தடவை ஆனது.

பிளாக்கில் உள்வழி, வெளிவழி என்று குறி இருக்கும். சிபியு பிளாக்கில் அதை மாற்றிவிடாதீர்கள். தண்ணீர் நடுவில் விழுந்து இரண்டு பக்கமும் பிரிவதுதான் அதன் வேலை. கார்டு பிளாக் வாங்கும்போது உங்கள் கார்டின் துல்லியமான மாடலுக்கு உரியதா என்று பாருங்கள். 4080 என்று பொதுவாகப் பார்த்து வாங்கினால் துளை பொருந்தாது. சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டான தெர்மல் பேட் எங்கெங்கே எந்தக் கனம் என்று கூடவே வரும் தாளில் இருக்கும், அதை மீற வேண்டாம். கார்டைத் திறந்தால் வாரன்டி என்ன ஆகும் என்று முதலிலேயே விசாரியுங்கள்.

லூப்பின் ஆகக் கீழான இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு டி ஃபிட்டிங்கும் பால் வால்வும் (திருகித் திறக்கும் சின்னக் குழாய் அடைப்பு) வையுங்கள். இதை விட்டுவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது கேபினெட்டையே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் காற்று. லீக் டெஸ்டர் என்று சின்னக் கைப்பம்பும் மீட்டரும் வரும். 0.5 பார் ஏற்றி அரைமணி நேரம் விடுங்கள். முள் நகராவிட்டால் தண்ணீர் ஊற்றலாம். பிறகு மதர்போர்டு, கார்டு எல்லாவற்றுக்கும் கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு பம்பை மட்டும் ஓட்ட வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் பிளக்கில் 16ஆவது பின்னையும் ஒரு கறுப்பு வயர் பின்னையும் இணைத்தால் அது தனியாக ஓடும். அதற்கென்றே ஜம்பர் பிளக் விற்கிறார்கள், ஊக்கை வைத்துச் செய்யாதீர்கள். ரிசர்வாயர் காலியாகும்போதெல்லாம் பம்பை நிறுத்தி, நிரப்பி, மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங் அடியிலும் டிஷ்யூ. ஒரு நாள் முழுக்க ஓடட்டும். அவசரக் கல்யாண வேலை கையில் இருக்கும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

#14 பாளை_எடிட்டர்

திருத்திய திட்டம்: மேலே 360, முன்னே 360, இரண்டும் செம்பு, 30 மில்லிமீட்டர். டி5 காம்போ. 10/16 ஈபிடிஎம் ட்யூப். கீழே பால் வால்வ். தண்ணீர் சென்சார், லீக் டெஸ்டர். நிறமில்லாத கூலன்ட். ஈகோ மோடு அப்படியே இருக்கும். கணக்குப் போட்டால் 80,000ஐக் கொஞ்சம் தாண்டுகிறது, வண்ண விளக்கு எரியும் ஆர்ஜிபி ஃபேனை எடுத்துவிட்டால் உள்ளே வந்துவிடுகிறது. எடுத்துவிட்டேன். சித்திரையில் அவசர வேலை இல்லாத வாரம் ஒன்று வரும், அப்போது கட்டுகிறேன்.

#15 பாளை_எடிட்டர்

வைகாசி பிறந்துவிட்டது, மூன்று வாரமாக ஓடுகிறது. லீக் டெஸ்டில் முதல் தடவை முள் இறங்கியது. சிபியு பிளாக் ஃபிட்டிங்கில் ஓ-ரிங் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. கழற்றி நேராக வைத்ததும் நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றியிருந்தால் நேராகக் கார்டின் மேல்தான் விழுந்திருக்கும், அந்த டெஸ்டரைச் சொன்ன பைபாஸ் அண்ணாச்சிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நேற்று மாலை அறை 34. இரண்டு மணி நேர ரெண்டரில் தண்ணீர் 43, கார்டு 55, சிபியு 74. ஃபேன் 900 சுற்று. ரிசர்வாயரில் சின்னக் குமிழிகள் மட்டும் இன்னும் போகவில்லை, முன் ரேடியேட்டரில் கொறகொற என்று எப்போதாவது ஒரு சத்தம்.

#16 அம்பை_பெங்களூர்

முன் ரேடியேட்டரின் மேல்பகுதியில் காற்று தங்கியிருக்கிறது. பம்பை முழு வேகத்தில் வைத்து, கேபினெட்டை முன்னும் பின்னும் மெதுவாகச் சாயுங்கள். ரிசர்வாயர் அளவு இறங்கினால் நிரப்புங்கள். இரண்டு நாளில் போய்விடும்.

#17 பாளை_எடிட்டர்

போய்விட்டது. நேற்று இரவு பின்னால் ரெண்டர் ஓட ஓட, ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரிலேயே கெட்டிமேளம் டிராக்கை வெட்டினேன். அந்த ஒரு நொடி அமைதி அமைதியாகவே கேட்டது.

#18 திசையன்விளை_காற்று

சந்தோஷம் தம்பி. ஆனி வரப்போகிறது, மெஷ் மாட்டியாயிற்றா?

#19 பாளை_எடிட்டர்

மாட்டியாயிற்று அண்ணாச்சி. கூடுதலாக ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று காயும்போது மற்றதைப் போட.